மதியத்தில் தெரியாத எட்டு

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் அண்ணன் நெய்த முகூர்த்தச் சேலையை, அவருக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வாங்க மறுத்துவிட்டார் என்று தகவல் வந்தபோது நான் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சேலையில் வரும் சின்னப் பூ வேலையான புட்டாவின் இடைவெளி தாறுமாறாக விழுந்திருக்கிறதாம். மனுஷன் கவனம் தப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு மிச்ச டீயையும் குடித்தேன். இப்போது எழுதவே கூசுகிறது.

எல்இடி டிஸ்பிளே செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. தறிக்கென்று ஒரு கவுண்டர் செய்திருந்தோம். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் சென்சார் எண்ணும். அடுத்த புட்டாவுக்கு இன்னும் எத்தனை ஓட்டம் பாக்கி என்று உள்ளங்கை அகல டிஸ்பிளேயில் சிவப்பு எழுத்தில் காட்டும். பூஜ்யம் வந்தால் புட்டா போடலாம். பைத்தானில் புரோகிராம் எழுதியது நான். சோதனைக்காக முதலில் ஒரே தறியில் வைத்தோம். அது ஏகாம்பரம் அண்ணனின் தறி. கரைக்குத் தனி நாடா என்பதால் அதைத் தள்ள அவர் மனைவி சாந்தி அக்கா பக்கத்தில் உட்காருவார். டிஸ்பிளே அவர் பக்கம் இருந்தது. அவர் "வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தால் அண்ணன் புட்டாவைத் தொடங்குவார்.

1. விடியற்காலைப் புகார்

விடியும் முன்பே தறியில் உட்காருகிறவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் டிஸ்பிளே கண்ணைக் கூசுகிறது, சிவப்பு வெளிச்சம் பட்டு அரக்கு நூலின் நிறமே மாறித் தெரிகிறது என்று அண்ணன் சொன்னார். நியாயமான புகார். டிஸ்பிளே சிப்புக்குப் பிரைட்னஸ் 0 முதல் 15 வரை என்று படித்திருந்தேன். காலைக்கு 2, வெயில் ஏறிய பிறகு 15 என்று எழுதினேன். ஆபீஸ் டியூப்லைட்டில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே தெரிந்தது. 15 போட்டபோது வெளிச்சம் கூடியதா என்று பார்க்கவில்லை. எண் கூடினால் வெளிச்சமும் கூடும், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற மிதப்பு.

2. துடைத்துப் பாருங்கள்

நாலு நாளில் சாந்தி அக்கா ஃபோன் செய்தார்.

"தம்பி, மதியானத்துல நம்பரு மங்கலாக் கீதுபா. மேல இருந்து வெயிலு எறங்குது இல்ல, அதுல ஒண்ணும் புரியல."

நூலின் நிறம் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும் என்பதால் நெசவு வீடுகளில் கூரையில் கண்ணாடி பதித்திருப்பார்கள். வெளிச்சம் நேராகத் தறி மேல் விழும். இதே ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் புரோகிராமில் 15 இருந்தது, அதனால் அக்கா சொல்வது தப்பு என்று முடிவு செய்தேன். மதியத்துக்கு ஃபுல் பிரைட்னஸ் வைத்திருக்கிறேன், டிஸ்பிளேயைத் துணியால் துடைத்துப் பாருங்கள் என்றேன். மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் துடைக்கச் சொன்னேன். கடைசி முறை சிடுசிடுத்தேன் என்பதும் நினைவிருக்கிறது. பிறகு ஃபோன் வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நோட்டில் டிக் அடித்தேன்.

3. ஐந்து நிமிஷ வேலை

சேலை திரும்பி வந்த பிறகு, மிஷின் மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டு வா என்று பாஸ் என்னை அனுப்பினார். நான் போனது உச்சி வெயிலில். சாந்தி அக்காவின் இடத்தில் உட்கார்ந்து டிஸ்பிளேயைப் பார்த்தேன். அதில் எட்டு நின்றிருந்தது. நடுக்கோடு வெயிலில் கரைந்து எனக்கே அது பூஜ்யமாகத் தெரிந்தது. கையால் மறைத்தால்தான் எட்டு.

லேப்டாப்பைத் திறந்து பிரைட்னஸை ஒவ்வொன்றாக ஏற்றினேன். 0, 1, 2 என்று 15 வரை ஒரு மாற்றமும் இல்லை. 16 போட்டதும் கொஞ்சம் ஏறியது. நான் பயன்படுத்திய பைத்தான் லைப்ரரிக்கு முழு வெளிச்சம் 255. அதைப் பதினாறு படியாகப் பிரித்துத்தான் சிப்புக்கு அனுப்புகிறது. நான் கொடுத்த 2, 15 இரண்டுமே வெளிச்சம் மிகக் குறைந்த முதல் படி. 15ஐ 255 ஆக்கினேன். டிஸ்பிளே பளிச்சென்று வந்தது. சேலையை எடுக்க உள்ளே போயிருந்த இருவரும் இதைப் பார்க்கவில்லை.

சேலையை விரித்துப் பார்த்தோம். தப்பிய புட்டா எல்லாம் எட்டு ஓட்டம் முன்னாலேயே விழுந்திருந்தது. மதியம் சோறு தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாராம் முதலாளி. அண்ணன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

"இவ வந்துடுச்சுன்னு சொன்னத நம்பித்தான் தம்பி போட்டேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாஸிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"தறிக்காரன் தப்புன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நீ எதுக்குப்பா நடுவுல போயி உளர்ற?" என்றார் பாஸ். வேலை போய்விடும் என்று பயந்தேன். பேசாமல் இருந்துவிட்டேன். திருத்திய புரோகிராமோடு கவுண்டர் வேறு தறிகளுக்குப் போனது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

ஏகாம்பரம் அண்ணனுக்கு அந்த முதலாளி அதற்குப் பிறகு பாவு கொடுக்கவில்லை. புட்டாவைக் கோட்டை விட்டவன் என்று தெருவில் பேர் பரவியதால் வேறு யாரும் கொடுக்கவில்லை. ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

4. கண்ணாடி

இரண்டு வருஷம் கழித்து ரேஷன் கடை வரிசையில் சாந்தி அக்காவைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"என் கண்ணாலதான தறியே போச்சு. கண்ணாடிக் கடையில கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. நாந்தான் நம்பாம ஒண்ணு வாங்கிப் போட்டுக்கினேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வரிசையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டவில்லை.

"வூட்டுக்கு வந்து இத அவருகிட்ட சொல்லு" என்றார்.

அண்ணன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எட்டு, பூஜ்யம், பதினைந்து எல்லாம் விளக்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப, அன்னிக்கு நான் இவள அடிச்சது?"

சாந்தி அக்கா எழுந்து உள்ளே போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நம்பர் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அவர் சொன்ன நேரத்துக்குப் போய், அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால் அந்த வீட்டை விட்டு எழுந்திருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்ததைச் சொல்ல நான் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு நாளும் அந்த அம்மா, தன் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.