செய்தவரே பார்த்த படகு

வேலை இடத்தில் யாரும் எனக்கு ஒரு காபிகூட வாங்கித் தர முடியாது. கனடாவின் கால்கரியில் புதிதாகக் கட்டும் பசுமைக் கட்டடங்களில் காற்றும் வெப்பமும் சொன்னபடி ஓடுகின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுபவன் நான். இங்கே இதற்குக் கமிஷனிங் என்று பெயர். வரைந்தவர், கட்டியவர் யாரோடும் எனக்கு ஒட்டோ உறவோ கூடாது. பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டும் சூப்பர்வைசர் டேவ் நீட்டிய காபியை மறுத்தேன். மறுநாள் மனுஷன் டீயோடு வந்து நிற்கிறார், இந்தியர்களுக்குக் காபி பிடிக்காது என்று நினைத்துவிட்டாராம். எங்கள் மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தில் இப்படி மறுத்தால் ஜென்மப் பகைதான்.

போன வாரம் அந்தப் பள்ளியின் ஒரு வகுப்பறையில் விசிறிச் சத்தம் கேட்டது. காற்று வரும் திறப்புக்கு நேரே மெல்லிய காகிதத்தைப் பிடித்தேன். அசையவில்லை. "எங்கள் ஆள்தான் செய்தான், அவனே சோதித்தும் பார்த்துவிட்டான்" என்று டேவ் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பே ஊரில் கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் தம்பி ஃபைபர் படகு செய்பவர். என் அப்பா, நைனாவுக்கு அவர் செய்த படகைப் பக்கத்து ஊர் பசியாவரத்து ஆள் ஒருவரிடம் காட்டலாம் என்று யாரோ சொன்னபோது, "நானே செஞ்சேன், நானே பாத்துட்டேன். இன்னாத்துக்குப் பயம்?" என்று இதே மாதிரிதான் சிரித்தார். முகத்துவாரம் தாண்டியதும் அடிப்பக்கம் பிளந்துகொண்டது. நைனா திரும்பவில்லை. மாமாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காரியத்தை முன்னால் நின்று செய்ததும் அவர்தான், அதிகம் அழுததும் அவர்தான். ஆளில்லாத கட்டடத்தில் விசிறிகளை ஓடவிடும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காற்றுக் குழாய்களுக்குள்ளிருந்து வருகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. டேவ் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நேற்று போனில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். என் தம்பிக்குப் புதுப்படகு, வெள்ளிக்கிழமை இறக்குகிறார்கள். செய்தது மாமா.

"வேற ஊர் ஆள் யாருக்காவது காட்டும்மா" என்றேன்.

"உன் மாமனே பாத்துட்டான்டா. வெளியாளைக் கூட்டியாந்தா அவன் மூஞ்சில எப்டி முழிக்கிறது? அவ்ளோ பயம்னா நீ வந்து பாரு."

போகலாம். படகின் அடியைத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் மாமா பக்கத்தில் நின்று, "சோறு ஆறுது, வாடா" என்பார். அவர் முகத்தைப் பார்த்து, இது ஆகாது என்று சொல்ல என்னால் முடியாது. இங்கே நான் யாருக்கும் யாருமில்லை. அதனால்தான் என் பேச்சு எடுபடுகிறது.

இன்று காலை டேவின் ஆட்கள் குழாயின் அடைப்பை எடுத்திருந்தார்கள். காகிதம் படபடத்தது. கையெழுத்துப் போட்டேன். யார் பெற்ற பிள்ளைகளோ, இனி நன்றாக மூச்சு விடுவார்கள். என் தம்பி வெள்ளிக்கிழமை கடலில் இறங்குகிறான். அந்தப் படகை இன்னும் ஒரு வெளியாள் தொட்டுப் பார்க்கவில்லை.