கால்மாட்டில் நின்று பார்த்தால்

இங்கிலாந்தில் யாரும் வெறுங்காலைக் காட்டுவதில்லை. நான்கு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் மனிதருக்குக் கால்விரல்கள் உண்டா என்பதே எனக்குத் தெரியாது. வெறுங்காலைப் பார்க்க நான் வேலைக்குத்தான் போக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி நான். சுவாச இயந்திரத்தில் கிடப்பவர்களுக்கு வாயில் குழாய் இருக்கும். வலிக்கிறது என்று சொல்ல முடியாது. நெற்றி சுருங்குகிறதா, கை இறுகுகிறதா, மூச்சு இயந்திரத்தோடு முரண்டு பிடிக்கிறதா என்று பார்த்து, வலி எவ்வளவு என்று ஒரு தாளில் புள்ளி போடுவோம்.

போன மாதம், விலா எலும்புகள் முறிந்து வந்த ஆட்டுப்பண்ணைக் கிழவருக்கு வலியே இல்லை என்றது அந்தத் தாள். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினேன். பத்து விரல்களும் உள்ளே மடங்கி வெளுத்திருந்தன.

இந்தப் புத்தி இலங்கையில், நான் வளர்ந்த றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில் வந்தது. அம்மா கொழுந்து எடுத்தவர். இரண்டு கையும் கொழுந்தில், பின்னால் கங்காணி. முகம் சுளித்தால், ஏலாதவங்க வீட்டுல கெடக்கலாமே என்று ஏச்சு விழும். அட்டை கடித்தாலும் முழங்கால் குத்தினாலும் அங்கே பெண்கள் கால்விரல்களைத்தான் மடக்குவார்கள். கொழுந்து நிறுக்கும் வரிசையில் அம்மாவின் விரல்களைப் பார்த்தே, அன்று தண்ணீர் தூக்குவது அம்மாவா நானா என்று முடிவு செய்வேன்.

தாளில் ஒன்றுமில்லையே என்றார் டாக்டர். வந்து பாருங்கள் என்றேன், பார்த்தார். வலி மருந்து ஏற்றி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பினோம். விரல்கள் தளர்ந்தே கிடந்தன. அப்பாடா என்றிருந்தது. நான் அடிக்கடி போர்வையைத் தூக்குவதைக் கண்ட கிழவரின் மனைவி, அவருக்குக் குளிர்கிறதென்று நினைத்து, மறுநாள் கம்பளிக் காலுறை கொண்டு வந்துவிட்டார். அதைப் போட்டால் எனக்கு என்ன தெரியும்! விஷயத்தைச் சொன்னதும், ஐம்பது வருடம் கூட இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழவர் தேறி, காலுறையோடு வார்டுக்குப் போனார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சந்தோஷம்தான்.

ஞாயிறன்று அம்மாவோடு வீடியோவில் பேசினேன். முழங்கால் எப்படி என்று கேட்டால் திரை நிறையச் சிரிப்பு.

"எனக்கென்ன, கல்லு கணக்கா இருக்கேன்."

"மூஞ்சிய காட்டாதீங்கம்மா. போன கீழ புடிங்க."

"சரி, பாத்துக்க."

சிமெந்துத் தரை தெரிந்தது. அப்போதுதான் இறக்கிய குடம், பக்கத்தில் அம்மாவின் கால்கள். விரல்கள் மடங்கியிருந்தன. நான் பார்க்கிறேன் என்று நினைவு வந்ததும், அம்மா அவற்றை மெல்ல நீட்டிக்கொண்டார்.