கையைத் தூக்கி அளவெடுத்த ஜாக்கெட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் நான் தைத்ததைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம்.

ஜவ்வாது மலையில் தையல் கடை போட்டபோது கல்லூரிப் பெண்கள் வந்து குவிவார்கள் என்று நினைத்தேன். போட் நெக், முதுகில் முடிச்சு, மணி வைத்த கை என்று கற்றுக்கொண்டதையெல்லாம் படமாகச் சுவரில் ஒட்டினேன். அந்தப் பெண்களோ படிக்கப் போன ஊரிலேயே தைத்துக்கொண்டார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சித்திரை பிறப்பதற்குள் கடை ஓடாவிட்டால் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழே போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கோ அந்தக் கடைதான் உயிர்.

பங்குனியில் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். கையைச் சிக்கென்று பிடிக்கிற மாதிரி தைத்துக் கொடுத்து, நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் அக்குள் கிழிந்து திரும்பி வந்தது. துணி மட்டம் என்று எகிறினேன். அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா, இதப் போட்டுனு நான் போட்டோவுக்கா நிக்கப் போறேன்? தொரட்டி புடிச்சிப் புளி உலுக்கணும்."

சுருக்கென்றது. தூக்கிய கையோடு அப்படியே நிற்கச் சொல்லி மறுபடியும் அளவெடுத்தேன். அக்குளில் முக்கோணத் துண்டு வைத்து, கையைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தேன். வெட்கத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன். வீட்டுக்காரர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். மிஷினைத் துடைக்கும்போது அழுகை வந்தது.

மறுநாள் காலை மிஷினை வாசலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தோம். அக்கா ஆறேழு பெண்களோடு வந்தார். ஒவ்வொருவர் கக்கத்திலும் துணி. பத்து நாளும் அதே ஜாக்கெட்டோடு புளி உலுக்கினாராம், ஒரு தையல் அசையவில்லையாம். கிழிகிறதா பார்ப்போம் என்றுதான் மற்றவர்கள் காத்திருந்தார்களாம். நான் டேப்பைத் தேடி எடுப்பதற்குள் அத்தனை பேரும் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "வண்டிக்காரன் திருப்பத்தூர்ல கெளம்பறானாம். இன்னா சொல்றது?"

"வர்றப்போ நூல்கண்டு வாங்கினு வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு முதல் பெண்ணின் தோளில் டேப்பை வைத்தேன்.