வார்டே சேர்ந்து கொடுத்த சாம்பிள்

போன செவ்வாய், பிற்பகல் இரண்டேகால். கண் விழித்ததும் முதலில் தெரிந்தது, பக்கத்துக் கட்டில்காரர் கையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் போத்தல். காலியாக இருந்தது.

மலேசியாவின் கிள்ளானில் ஓர் அரசு மருத்துவமனை, ஆண்கள் வார்டு. நான் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடக்கிறேன். அவர் பெயர் தனபாலன், லோரி டிரைவர். காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, லோரியைச் சாலையோரப் புல்மேட்டில் ஏற்றிவிட்டார். லோரிக்குக் கீறல்கூட இல்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் பேச்சு குழறுகிறது, கண் சொருகுகிறது... போதைப்பொருளோ?

தவுக்கே, அதாவது அவருடைய சீன முதலாளி, வார்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிறுநீர்ச் சோதனை ரிசல்ட் இன்றைக்கே வேண்டும். இல்லையென்றால் லோரி வேறு ஆளுக்கு.

சிஸ்டர் பரமேஸ்வரி டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் திருப்பி ஊசித் தடம் தேடினார். இல்லை.

"ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். முருகன் மேல சத்தியமா."

"மூக்கு ஒழுகுதே. சளிக்கு?"

"அதுவா? கடையில மஞ்ச மாத்திர வாங்கிப் போட்டேன். நாலு."

"நாலா! இப்பதானே ஒண்ணும் இல்லன்னீங்க?"

"டாக்டர் கொடுத்தாதானே சிஸ்டர் மருந்து?"

நம்மில் எத்தனை பேர் இப்படி! மளிகைக் கடையில் வாங்கினால் அது பலசரக்கு. கிளினிக்கில் வரிசையில் காத்திருந்து வாங்கினால்தான் மருந்து.

தூக்கத்தின் காரணம் சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தவுக்கேவுக்கு லேப் அல்லவா சொல்ல வேண்டும்?

"நாலு மணிக்கு லேப் மூடிருவாங்க. சீக்கிரம்ணே."

போத்தலை நிரப்பும்போது ஊழியர் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. ஆள் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதல்லவா! அட்டெண்டன்ட் செல்லையா கூடவே போனார். திரும்பி வந்தபோதும் போத்தல் காலி.

"இப்படி மொறச்சுப் பாத்தா எப்படிண்ணே வரும்?"

"நான் என்ன ஆசைப்பட்டா பாக்குறேன்? கவர்மெண்ட் வேலை லா!"

வார்டு களத்தில் இறங்கியது. எதிர்க்கட்டில் அங்கிள் பார்லித் தண்ணீர் நீட்டினார். ஒருவர் இளநீர். மூலைக் கட்டில் சீனப் பெரியவர் பிளாஸ்க்கோடு தேநீரையே கொடுத்துவிட்டார். இன்னொருவர் போய்க் குழாயைத் திறந்துவிட்டார் — சத்தம் கேட்டால் வருமாம்.

வந்தது. மூன்றரைக்குப் போத்தல் நிறைந்தது. வார்டே கைதட்டியது.

சிஸ்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்த மாமரம் தெளிவாகத் தெரிந்தது.

"என்னென்ன குடிச்சீங்க?"

தனபாலன் ஒவ்வொன்றாகச் சொன்னார். வார்டு முழுக்கத் தலையணைகளைச் சரிசெய்யத் தொடங்கியது.

"இவ்ளோ தண்ணியா இருந்தா லேப்ல எடுக்க மாட்டாங்க. போதைய மறைக்கிறதுக்குன்னே வயிறு முட்டக் குடிக்கிறவங்க இருக்காங்க. இனி நாளைக்குக் காலையிலதான்."

"இன்னைக்கே வேணும் சிஸ்டர்... லோரி போயிரும்."

எதிர்க்கட்டில் அங்கிள் மட்டும் மெல்ல, "பார்லி உடம்புக்கு நல்லதுதானே..." என்றார்.

மறுநாள் காலை சாம்பிள் நல்ல மஞ்சள். மத்தியானம் ரிசல்ட் வந்தது. போதைப்பொருள் எதுவும் இல்லை.

லோரி காலையிலேயே புது டிரைவரோடு துறைமுகத்துக்குப் போயிருந்தது.