அண்ணன் நன்மை வாங்காத ஞாயிறுகள்

ஆண்டவரின் அழைப்பை ஏற்று எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் தங்கையின் வணக்கம். என்னைச் சந்தேகப் பிராணி என்று முதுகுக்குப் பின்னால் நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். ஆகையால் ஒளிக்காமலே எழுதுகிறேன்.

அண்ணன் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். சங்கு குளிக்கப் போன அப்பா கரை திரும்பாதபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவையும் என்னையும் அவர்தாம் காப்பாற்றினார். வளர்ந்தபின் ஓர் அரிசிக் கிட்டங்கியின் சாவி அவர் பொறுப்பில் இருந்தது.

பர்மா அரிசி வரத்து நின்று ஊரே கிழங்கு தின்ற யுத்த காலத்தில் அந்தக் கிட்டங்கியிலிருந்து மூட்டைகள் காணாமற்போயின. பூட்டு உடைபடவில்லை. சாவியோ எங்கள் வீட்டு மாடத்தில், மாதா படத்துக்குக் கீழே இருப்பது. அதைத் தொடக்கூடியவர்கள் உரிமையோடு உள்ளே வந்துபோகும் சொந்தக்காரர்கள் மட்டுமே. முதலாளி அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தினார். அண்ணன் யார் பெயரையும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, ஆண்டவரின் அப்பத்தை நாவில் ஏற்க, எழுந்தபோது அண்ணன் இடத்தைவிட்டு அசையவில்லை. மறுவாரமும் அப்படியே. நம் ஊரில் பூசைக்கு வருகிறவர்கள் பீடத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, யார் நன்மைக்குப் போகவில்லை என்று பார்த்துவிடுவார்கள். பாவத்தோடு நன்மை வாங்கத் துணிவானா, களவாண்ட அரிசி தொண்டையில் நிற்கிறது என்று பேசினார்கள். அப்போது அண்ணனுக்கு மணப்பாட்டில் பெண் பேசி முடித்திருந்தது. பேச்சு அங்கேயும் போய், பெண்ணின் தகப்பனார் தம் கண்ணாலேயே பார்க்க வந்து அண்ணனுக்குப் பின்னால் முழங்காலிட்டிருந்தார். அவர் இருப்பது அண்ணனுக்குத் தெரியும். எழுந்து நாலடி நடந்திருந்தால் மானமும் கல்யாணமும் பிழைத்திருக்கும். அண்ணன் எழவில்லை. பூசை முடிந்ததும் அவர் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் சண்டை பிடித்தேன்.

“ஏளா, எடுத்தவன் யாருன்னு எனக்கு ஒரு நெனப்பு இருக்கு. அவனப் பாத்தாலே அடிச்சுப் போடணும்னு வருது. இந்த மனச வச்சுக்கிட்டு ஆண்டவர நாக்குல எப்படி வாங்குவேன்?” என்றார்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு என்னை முந்திரிக்கொத்து செய்யச் சொன்னார். தட்டைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் தாமே போனார். யார் வீட்டில் அவர் முகம் மாறுகிறது என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன். எல்லா வீட்டிலும் அண்ணன் ஒரே மாதிரிதான் சிரித்தார். திருநாள் பூசையில் நன்மைக்கும் போனார். மணப்பாட்டுப் பெண்ணுக்கு அதற்குள் வேறிடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணன் கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மஞ்சள் காமாலையில் படுத்த அவருக்குப் பங்குச் சாமியார் சாகும் நேரத்து எண்ணெயான அவஸ்தை பூசிவிட்டு வெளியே போனதும், அந்தப் பெயரைக் கேட்டேன்.

“வேண்டாம்ளா. சொல்லிட்டா அப்புறம் நீ நன்மைக்குப் போக மாட்ட,” என்றார்.

நோயில் ஐஸ் வாங்கி வந்த சித்தப்பாவுக்கும், பக்கத்திலிருந்து விசிறிய அவர் மகனுக்கும், சவப்பெட்டிக்குப் பலகை தந்த தாய்மாமாவுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் ஒருவர் கைதான் எங்கள் மாடத்துச் சாவியை எடுத்தது. அவருக்கும் நன்றி சொல்வதைத்தான் அண்ணன் விரும்புவார்.

அண்ணனுக்கு ஒருவரை மன்னித்தால் போதுமாக இருந்தது. பெயர் தெரியாத நான் உங்கள் அத்தனை பேரையும் மன்னிக்க வேண்டியிருக்கிறது. இன்றைய பூசையில் நான் நன்மைக்கு எழுந்திருக்காவிட்டால், என்னால் இன்னும் முடியவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.