இரண்டில் இல்லாத புள்ளி

துணுக்காயில் ஓலைக் கொட்டிலொன்றுக்குள் இடம்பெயர்ந்து இயங்கிய கல்வி அலுவலகத்தில், தவணைப் பரீட்சைத் தாள்களுக்கு ஸ்ரென்சில் வெட்டுவது ஸ்ரெல்லாவின் வேலை. மெழுகுத் தாளைக் கண்ணாடியின் மேல் விரித்து, கூர்முனைப் பேனையால் கீற வேண்டும். கீறின இடத்தால் மை இறங்கி வெள்ளைத் தாளில் படியும். எழுத்தடிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். படம் கீற அவளை விட்டால் ஆளில்லை. வன்னிக்குள் ஒரு பெட்டி ஸ்ரென்சில் வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்த காலம் அது. கிழிந்தால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. அதனால் கிழியாமல் கீறுவதில்தான் அவள் தன் கெட்டித்தனம் எல்லாவற்றையும் வைத்திருந்தாள்.

பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். மடத்துச் சகோதரிகளிடம் தட்டச்சும் ஸ்ரென்சிலும் பழகினாள். தொண்ணூற்றிரண்டில் மெல்ரொனைக் கட்டினாள். சண்டை கரையை விட்டுத் துரத்தியபோது கணவனோடும் மாமி புனிதமலரோடும் துணுக்காய்க்கு வந்து காட்டோரம் கொட்டில் போட்டாள். மெல்ரொனுக்குக் கடலை விட மனமில்லை. நாயாற்றுக் கரைக்குச் சைக்கிள் மிதித்துப் போய், மீன்வாடிக் குடிசையில் கிடந்து தொழில் செய்து, கருவாட்டோடு வருவான். தொண்ணூற்றேழு மாசியில் போனவன் வரவில்லை.

விடியப்புறம் அவன் வள்ளம் இறக்கினதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அன்று கடற்பக்கம் வெடிச் சத்தம் கேட்டதாம். பிறகு தெற்கே ஒரு வள்ளப் பலகை ஒதுங்கியதாம், அவன் பூசிய அதே நீலமாம். உடல் மட்டும் எந்தக் கரைக்கும் வரவில்லை.

கார்த்திகை இரண்டாம் திகதி, சகல ஆன்மாக்களின் நாளில், செத்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். போன வருசமே மாமி மகனின் பெயரைக் கொடுக்கப் போனா. ஸ்ரெல்லா குறுக்கே நின்று மறித்துவிட்டாள். இந்த வருசமும் ஐப்பசி பிறந்தவுடனேயே கதை தொடங்கிவிட்டது.

"உத்தரிக்கிற ஸ்தலத்தில என்ர பிள்ளை கிடந்து வேகுதோ என்னவோ. அவனுக்காக ஒரு செபம் சொல்ல நாதியில்லை" என்றா மாமி, அடுப்பை ஊதிக்கொண்டே.

"உயிரோட இருக்கிறவருக்குச் செத்த பூசை சொன்னா, நாங்களே வாயால சாக்காட்டினதாப் போயிடும், மாமி."

"அப்ப அவன் எங்கை? சொல்லு பாப்பம்."

இருவருக்கும் பயம்தான். ஒருத்தியின் பயத்துக்கு மற்றவளின் பயம் எதிரே நின்றது. மாமி இரவில் தூங்குவதில்லை. பாயில் எழுந்திருந்து செபமாலை உருட்டுவா. அந்த வருசம் அவவின் கை எலும்பும் தோலுமாகிவிட்டது.

அந்த ஐப்பசியில்தான் நிறஞ்சனா ரீச்சர் கேள்வித்தாளும் கையுமாக அலுவலகத்துக்குள் வந்தா. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தவ. ஸ்ரெல்லாவின் வயதுதான். உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்க அந்தப் பக்கம் முழுவதற்கும் அவ ஒருத்திதான்.

"ஸ்ரெல்லா, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? என்ர பிள்ளையள் எல்லாம் பிழை விட்டிருக்குதுகள். திருத்தப் போனா, பிழை அதுகளில இல்லை."

தாளில் ஒரு நேர்கோடு சாய்வாக ஏறியது. நடுவில் கரிய புள்ளி.

"இதில நான் சின்ன வட்டமெல்லோ கீறித் தந்தனான்? உள்ளுக்கு வெறுமையா."

"வட்டந்தான் வெட்டினனான், ரீச்சர். சின்ன வட்டத்தைச் சுத்தி வெட்டினா நடுவில இருக்கிற மெழுகு கழண்டு விழுந்திடும். பிறகு முழுக்க மை இறங்கும். ஒரு புள்ளிதானே எண்டு விட்டிட்டன்."

"அந்தப் புள்ளிதான் கேள்வியே!" நிறஞ்சனா வாங்கில் இருந்துகொண்டு பென்சிலை எடுத்தா. "இந்தச் சார்பு, xஇன் வர்க்கத்தில நாலைக் கழிச்சு, வாறதை x கழித்தல் இரண்டால பிரிக்கிறது. xஇற்கு இரண்டைப் போடும்."

ஸ்ரெல்லா போட்டுப் பார்த்தாள். மேலே பூச்சியம். கீழேயும் பூச்சியம்.

"பிரிக்க ஏலாது. இரண்டில இதுக்குப் பெறுமானம் இல்லை. சரி, இப்ப இடப்பக்கத்தால வாரும். ஒண்டு தசம் ஒன்பது. பிறகு ஒண்டு தசம் ஒன்பது ஒன்பது."

"மூண்டு தசம் ஒன்பது... மூண்டு தசம் ஒன்பது ஒன்பது."

"வலப்பக்கத்தால வந்தா நாலு தசம் ஒண்டு, நாலு தசம் பூச்சியம் ஒண்டு. ரெண்டு பக்கமும் நாலைத்தான் நெருங்குது. எல்லை நாலு. ஆனா அந்த இடத்தில ஆளில்லை. அதால தொடர்ச்சி இல்லை. நீர் அதில புள்ளியை வைச்சு ஆளைக் கொண்டந்து இருத்திப்போட்டீர். பிள்ளையள் தொடர்ச்சியானது எண்டு எழுதாமல் வேறென்ன எழுதும்?"

ஸ்ரெல்லா தாளைக் கிட்ட இழுத்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

"அடுத்ததைப் பாரும். V மாதிரி ஒரு படம். அடியில கூரா முறியோணும். இடப்பக்கம் இறங்கிற கோடு, படித்திறன் மறை ஒண்டு; வலப்பக்கம் ஏறுற கோடு, நேர் ஒண்டு. முறியிற இடத்தில எந்தத் தொடலியைக் கீறுறது, இடச் சரிவுக்கோ வலச் சரிவுக்கோ? அதுதான் அங்க வகையிட ஏலாது எண்டு சொல்லுறது. கோடு அறுபடேல்லை, தொடர்ச்சி இருக்குது. ஆனா வகையிட ஏலாது. நீர் அதை வளைச்சு, கிண்ணத்தின்ர அடிமாதிரி ஆக்கி விட்டிருக்கிறீர்."

"கூராத் திருப்பினா மெழுகு கிழியும், ரீச்சர்."

நிறஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓட்டையெல்லாம் அடைச்சு, முறிவெல்லாம் மழுப்பி, நல்ல உலகம்தான் செய்து வைச்சிருக்கிறீர். எனக்கும் அதுக்குள்ள ஒரு கொட்டில் போட்டுத் தாருமன்."

ஸ்ரெல்லா சிரிக்கவில்லை. முதல் படத்தின் புள்ளியில் விரலை வைத்துக் கேட்டாள்.

"ரீச்சர், ரெண்டு பக்கத்தால பாத்தாலும் நாலெண்டுதானே காட்டுது? அப்ப இரண்டில நாலு எண்டு நாங்களே எழுதி விட்டா என்ன?"

"எழுதலாம். தடையில்லை. வரைபும் தொடர்ச்சியாகும். ஆனா அது நாங்கள் எழுதினது. பழைய சார்பு சொன்னதில்லை. எழுதின பிறகு அது வேற சார்பு."

நிறஞ்சனாவுக்கு மெல்ரொனின் கதை தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் முகம் மாறியது. "ஐயோ, நான் கணக்கைத்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் ஸ்ரெல்லாவின் தோளில் கை வைத்தா.

"தெரியும் ரீச்சர். கணக்கைத்தான் நானும் கேட்டனான்."

இரண்டு கேள்விகளையும் திரும்ப வைப்பதென்று முடிவாயிற்று. மிச்சமிருந்த ஸ்ரென்சிலில் ஒன்றை எடுத்தாள். வட்டத்தை முழுதாகச் சுற்றாமல், மூன்று இடத்தில் மயிரளவு இடைவெளி விட்டு வெட்டினாள். நடு மெழுகு விழாமல் தொங்கி நின்றது. Vஐ ஒரே இழுவையில் திருப்பாமல், இரு பக்கத்தாலும் தனித்தனியே கீறிக்கொண்டு வந்து அடியில் முட்டவிட்டாள். மை உருளை ஓடியது. வட்டம் வெறுமையாகவே வந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. ஒன்றரை வருசத்தில் அலுவலகத்தில் அவள் அழுதது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போனபோது மாமி முற்றத்தில் விறகு முறித்துக்கொண்டிருந்தா.

"மாமி, பங்குச் சுவாமியிட்ட அவரின்ர பேரைக் குடுங்கோ."

மாமியின் கையிலிருந்த விறகு நின்றது. "ஏதும் அறிஞ்சனியே, பிள்ளை? ஆரும் கண்டவையே?"

"ஒருத்தரும் காணேல்லை. நான் ஒண்டும் அறியேல்லை. அறியாமல்தான் சொல்லுறன். எழுதினா அது நாங்கள் எழுதினது, அவ்வளவுதான்."

"பிறகு என்னைப் பேசமாட்டியே?"

"இல்லை. நீங்கள் குடுங்கோ."

கார்த்திகை இரண்டில் மழை பிடித்துக்கொண்டது. கிடுகால் வேய்ந்த கோயிலுக்குள் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. சுவாமி பெயர்களை வாசித்துக்கொண்டு போனார். மழைச் சத்தத்தில் பாதிப் பெயர்கள் கேட்கவில்லை. "யோசெப் மெல்ரொன்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. மாமி "என்ர ராசா" என்று வாய்விட்டுக் குழறினா. பக்கத்தில் நின்ற பெண்கள் அவவைத் தாங்கிப் பிடித்தார்கள். சுவாமி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எல்லோரும் "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" என்றபோது ஸ்ரெல்லாவின் வாய் திறக்கவில்லை.

சேற்று வழியில் திரும்பும்போது மாமி மெல்லக் கேட்டா.

"இனி நீ கறுப்புச் சீலை எடுக்கோணுமெல்லே, பிள்ளை? சனம் கதைக்கும்."

ஸ்ரெல்லா மாமியின் கையைப் பிடித்து வெள்ளவாய்க்காலைக் கடத்தினாள்.

"பூசை உங்களுக்கு, மாமி. சீலை எனக்கு. அதை ஒருத்தரும் கேக்கவேண்டாம்."

வழுக்கும் இடம் வந்தபோது மாமி மருமகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தா.

அடுத்த நாள் ஸ்ரெல்லா பூப்போட்ட சீலையோடு வேலைக்குப் போனாள். பிறகும் அப்படித்தான் போனாள். கதைத்தவர்கள் கதைத்தார்கள். ஆனால் பூசை நடந்த அன்று இரவு, மகன் போன நாளிலிருந்து முதல் தடவையாக, புனிதமலர் விடியும்வரை நித்திரை கொண்டா. ஸ்ரெல்லா கொள்ளவில்லை.