தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு

கூடைப்பந்து லீக்கில் அவருக்குப் பெயர் புள்ளி ஐயா. ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அரங்கத்துக் காவலாளிக்குக்கூட ஆளைத் தெரியாது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர். அந்த வேலையில் இருக்கும்போதே, மாலை நேரங்களில் லீக்கின் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் தாள் எழுத ஆரம்பித்தார். இருபத்தாறு பருவங்கள், அறுநூற்றுப் பதினொரு ஆட்டங்கள். ஒன்றைக்கூட விட்டதில்லை. மகளின் கல்யாணத்தன்று மாலை ஆட்டத்துக்குக் கிளம்பிப் போய், சம்பந்தி வீட்டாரைச் சமாளிக்கும் வேலையை மனைவியிடம் விட்டவர்.

தொற்று பரவிய ஆண்டில் லீக் பாதியில் நின்றது. ஐந்து மாதம் கழித்து, பிளே ஆஃப் எனப்படும் கடைசிச் சுற்று ஆட்டங்களை மட்டுமாவது நடத்திவிடுவோம் என்று முடிவாயிற்று. எட்டு அணிகளில் முதல் நான்கு அணிகள், ஒவ்வோர் அரையிறுதிக்கும் மூன்று ஆட்டங்கள், ஒரே அரங்கம், பார்வையாளர் கிடையாது. ஆட்டக்காரர்கள் விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது. உள்ளே நுழையும் எல்லாருடைய உடல் வெப்பத்தையும் வாசலில் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். தொண்ணூற்றொன்பதரையைத் தாண்டினால், அவர் யாராக இருந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"அந்த நோட்டும் ஐயாகிட்டயே இருக்கட்டும். ஐயா எழுதினா அப்பீல் கிடையாது" என்றார் லீக் செயலாளர். புள்ளி ஐயாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் எழுந்தபோது அவருக்கு உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலித்தது. மனைவி வெப்பமானியை வைத்துப் பார்த்தார். நூறு புள்ளி ஆறு.

"இன்னைக்குப் போக வேண்டாங்க. பேசாம படுங்க."

"ஏசி காத்து ஒத்துக்கல. வேற ஒண்ணுமில்ல."

"நீங்க போகலேன்னா பந்து கூடையில விழாதா?"

"விழும். அதை எழுதறது யாரு?"

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் எழுதுவாங்க. நாட்டுல நீங்க ஒருத்தர்தான் பள்ளிக்கூடம் போனீங்களா?"

அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலில் ஐம்பத்திரண்டு பேரை அளந்தார். கடைசியில் தன் நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்தார். நூறு புள்ளி நான்கு. காவலாளி கைபேசியில் மூழ்கியிருந்தார். பதிவேட்டில் ஐம்பத்து மூன்றாவது வரி காலியாக இருந்தது. அவர் 98.2 என்று எழுதினார்.

பின்னாளில் அவரை அதிகம் கூச வைத்தது புள்ளிக்குப் பின் வந்த அந்த இரண்டுதான். எல்லாரும் வாயில் வைத்திருக்கும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கை அவர் எழுதவில்லை. பொய் பொய்யாகத் தெரியக் கூடாது என்கிற அளவுக்கு, காய்ச்சலிலும் அவருக்குப் புத்தி தெளிவாக இருந்திருக்கிறது.

மேசையில் வழக்கம்போல அவருக்குப் பக்கத்தில் நேரம் பார்ப்பவர். எல்லாரும் அவரைக் கடிகாரம் என்பார்கள். பத்தொன்பது வருடச் சிநேகிதம்.

"என்ன ஐயா, மூணாவது கால்பகுதிக்கு நீல மையில எழுதறீங்க? சிவப்பு இல்ல போடணும்? உலகம் அழியப் போகுதா?"

ஐயா பேனாவை மாற்றினார்.

நான்காவது கால்பகுதியில் ஓர் இடைவேளையின்போது நெட்டை மேசைக்கு வந்தான். மஞ்சள் சட்டை அணியின் நடு ஆட்டக்காரன். ஆறடி ஒன்பது அங்குலம்.

"ஐயா, எனக்கு எத்தனை ஃபவுல்?"

"நாலு."

முகக்கவசத்துக்குள் குரல் அடைத்துக்கொண்டது. நெட்டைக்குக் கேட்கவில்லை. அவன் குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்தான். ஐயா கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

"நாலு தம்பி. இன்னும் ஒண்ணுன்னா வெளியே."

சொல்லும்போதே இருமல் வந்தது. முழங்கையை வாய்க்குக் கொடுப்பதற்குள் இருமிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நெட்டைக்கும் அவன் அணியில் நான்கு பேருக்கும் தொற்று என்று முடிவு வந்தது. கடிகாரத்தை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிளே ஆஃப் நின்றது. அரையிறுதியின் மூன்றாவது ஆட்டமும் இறுதிப் போட்டியும் நடக்கவேயில்லை.

ஐயாவுக்கும் தொற்று உறுதியாயிற்று. ஆனால் அவருக்கு அந்த ஆட்டத்தில்தான் ஒட்டியது என்று எல்லாரும் நினைத்தார்கள். செயலாளர் ஒரு கூடை பழம் அனுப்பி, 'கடமையில் நின்ற ஐயாவுக்கு' என்று அட்டையில் எழுதியிருந்தார். மனைவி கூடையை மேசைமேல் வைத்தார். அதிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை.

"இதை எப்படிங்க வாயில வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

ஆப்பிள்கள் சுருங்கும்வரை கூடை அங்கேயே இருந்தது.

பத்து நாள் கழித்துச் செயலாளரே கூப்பிட்டார்.

"ஐயா, நெட்டை மாட்டிக்கிட்டான். ஆட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை விடுதியில இருந்து நழுவி, மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான். குழந்தை பிறந்திருக்கு, பார்க்கணுமாம். அவன்தான் கொண்டாந்து எல்லாருக்கும் வச்சிருக்கான். மூணு வருஷம் தடை போடலாம்னு கமிட்டி சொல்லுது. உங்க நோட்டுதான் சாட்சி. செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒருத்தருக்குக்கூட காய்ச்சல் இல்லேன்னு அதுல இருக்கு பாருங்க. வந்து ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

மூன்று வருடம் என்றால் நெட்டைக்கு முப்பத்தைந்து ஆகிவிடும். அந்த வயதில் திரும்பி வந்த நடு ஆட்டக்காரன் ஒருவனும் இல்லை என்பது ஐயாவுக்குத் தெரியும். இருபத்தாறு பருவத்துத் தாள்களும் அவர் அலமாரியில்தான் இருந்தன.

விசாரணை அரங்கத்தின் அலுவலக அறையில் நடந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன, நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. நெட்டை ஒரு மூலையில் முழங்கால்களை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தான். செயலாளர் பதிவேட்டை ஐயாவின் முன் விரித்தார்.

"வாசிக்க வேண்டாங்க ஐயா. எல்லாம் சரின்னு சொன்னா போதும்."

"அம்பத்திரெண்டு வரி சரி" என்றார் ஐயா. "அம்பத்து மூணாவது பொய். எனக்கு அன்னைக்கு நூறு புள்ளி நாலு. காலையிலேயே காய்ச்சல்."

செயலாளர் சிரிக்கப் பார்த்தார். "ஐயாவுக்கு இன்னும் ஜுர மயக்கம் தெளியல போல."

"தெளிஞ்சுதான் பேசறேன். எல்லாருக்கும் என்கிட்டேயிருந்துதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா முதல் காய்ச்சல் என்னுது. அந்தத் தம்பி காது கிட்ட கவசத்தை இறக்கி இருமினதும் நான்தான்."

செயலாளர் எழுந்து அருகே வந்து குரலைத் தணித்தார். "ஐயா, இது வெளியில போனா லீக் பேரே நாறிடும். தடையை ஒரு வருஷமாக் குறைச்சுடறோம். நீங்க கம்முனு வீட்டுக்குப் போங்க."

"விதியை மீறி வெளியே போனதுக்கு என்ன உண்டோ அதைக் கொடுங்க. நோயை அந்தத் தம்பி தலையில கட்டாதீங்க."

நெட்டைதான் முதலில் வாயைத் திறந்தான். அவன் கத்துவான் என்று ஐயா எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த ஃபவுல் என்னோடது இல்லேன்னு எத்தனை தடவை உங்ககிட்ட வந்து நின்னிருக்கேன் ஐயா. 'தாள்ல இருக்கு தம்பி'ம்பீங்க. சரின்னு போயிடுவேன். இப்பவும் அப்படித்தான். நோட்டுல யாருக்கும் காய்ச்சல் இல்லேன்னாங்க. ஐயா எழுதினது தப்பாகாது, அப்ப நான்தான் கொண்டாந்திருக்கேன்னு நானே நம்பிட்டேன். அன்னைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்னுதான் பாப்பாவைப் பார்த்தேன். குணமாகி வீட்டுக்கு வந்தப்புறமும் தூக்கல. எனக்கு அருகதை இல்லேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்."

ஐயா ஏதோ சொல்ல எழுந்தார். நெட்டை நிலைப்படியில் இடிக்காமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு வெளியே போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி கழித்து நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். நெட்டைக்கு நான்கு ஆட்டத் தடை. ஐயா மேசைப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். மூன்றாவது பத்தியில், 'தனது உடல் வெப்பத்தைத் தவறுதலாகக் குறைத்து எழுதிவிட்டார்' என்று இருந்தது.

"இந்த வார்த்தையை மாத்துங்க" என்றார்.

"எதுங்க ஐயா? உங்களுக்காகத்தான் அப்படிப் போட்டோம்."

"தவறுதலா இல்ல. தெரிஞ்சே."

செயலாளர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். புதிய தாள் வரும்வரை ஐயா அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வந்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்து, கையெழுத்துப் போட்டு, தேதியை எழுதினார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"கடிகாரத்துக்கிட்ட?"

அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கடிகாரம் முந்தின நாள்தான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். மூச்சு வாங்காமல் நான்கு வார்த்தை பேச முடியவில்லையாம். மனைவி கைபேசியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.